முதல் தாளில் ஒரு பெயர்: பழைய யூத நூல்களும் அவற்றை வைத்திருந்தவர்களும்

2023 மே மாதம் நியூயார்க்கில் நடந்த ஓர் ஏலத்தில், தோலில் எழுதப்பட்ட எபிரேய வேதாகமம் ஒன்று 3.81 கோடி டாலருக்கு விலைபோனது. ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல் அது. எபிரேய வேதாகமத்தின் 24 நூல்களும் கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று. பத்திரிகைகள் எல்லாம் விலையைத்தான் தலைப்பாகப் போட்டன. எனக்கோ அந்த நூலுக்குள் பிற்காலத்தில் வெவ்வேறு கைகள் எழுதிவைத்த சில வரிகள்தான் பெரிதாகப் பட்டன.

கலஃப் பென் ஆபிரகாம் என்பவர் இதை ஈசாக் பென் எசேக்கியேல் அல்-அத்தாருக்கு விற்றதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அல்-அத்தார் தன் மகன்கள் எசேக்கியேலுக்கும் மைமோனுக்கும் இதைக் கொடுத்ததாக அடுத்த குறிப்பு. பிறகு, இன்றைய சிரியாவின் வடகிழக்கில் இருந்த மக்கிசின் என்ற ஊரின் ஜெப ஆலயத்துக்கு நூல் காணிக்கையாகிறது. ஊர் அழிகிறது, ஆலயமும் அழிகிறது. அந்த நேரத்தில் நூலைப் பொறுப்பேற்றவர் சலாமா இப்ன் அபி அல்-ஃபக்ர். மக்கிசின் ஆலயத்தை என்றைக்குத் திரும்பக் கட்டுகிறார்களோ அன்றைக்கு இது அங்கே போய்ச் சேர வேண்டும் என்கிறது அவர் பெயரில் உள்ள குறிப்பு. ஆலயம் திரும்பக் கட்டப்படவே இல்லை. அதற்குப் பிறகு சில நூறு ஆண்டுகளுக்கு இந்த நூலைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. 1929இல் அது விற்பனைக்கு வருகிறது. பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய டேவிட் சாலமன் சசூன் 350 பவுண்டுக்கு வாங்கி, அட்டையின் உட்புறத்தில், நூல் தன்னுடையது என்று காட்டும் நூலகச் சீட்டை ஒட்டுகிறார். அவருடைய பட்டியலில் அதன் எண் 1053. இப்போது டெல் அவீவ் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

ஒரு சுவடி எப்போது, எந்தப் பகுதியில் எழுதப்பட்டது என்பதை எழுத்தின் வடிவம், தோல், மை ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓரளவு கணித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அது யார் வீட்டில் இருந்தது, யார் விற்றுக் கடனை அடைத்தார், யார் ஊர் விட்டு ஊர் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பதற்கெல்லாம் பெரும்பாலும் இந்தக் குறிப்புகளைத் தவிர சாட்சி இல்லை. யூத நூல்களில் இந்தச் சாட்சிக்குக் கனம் கூடுதல். 1290இல் இங்கிலாந்திலிருந்தும் 1492இல் ஸ்பெயினிலிருந்தும் துரத்தப்பட்டவர்களால் வீட்டையும் நிலத்தையும் எடுத்துப்போக முடியவில்லை. புத்தகத்தை எடுத்துப்போனார்கள். கூடவே அதில் எழுதியிருந்த பெயர்களும் போயின.

தொலைந்த பொருளையும் அதன் அடையாளத்தையும் பற்றி யூதச் சட்டம் மிகப் பழைய காலத்திலேயே நிறைய யோசித்திருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஓர் அத்தியாயம் முழுக்க, கண்டெடுத்த பொருளை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. அடையாளம் எதுவும் இல்லாத பொருள் என்றால், தொலைத்தவர் இனி கிடைக்காது என்று கைகழுவியிருப்பார். அதனால் எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம். அடையாளம் இருந்தால் அது யாருடையது என்று ஊரறிய அறிவிக்க வேண்டும், உரியவர் வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

புத்தகத்துக்கு என்று தனியாக ஒரு விதியும் அதே அத்தியாயத்தில் வருகிறது. புத்தகங்களைக் கண்டெடுத்தவர் முப்பது நாளைக்கு ஒருமுறை அவற்றை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் சுருளை விரித்துத் திரும்பச் சுருட்டியாவது வைக்க வேண்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு பாடத்தைப் படிக்கத் தொடங்கக் கூடாது. இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு வாசிக்கவும் கூடாது. காற்றுப் படாவிட்டால் சுருள் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும், அளவுக்கு மீறிப் புரட்டினாலோ இருவர் இழுத்தாலோ கிழிந்துபோகும். உரியவர் என்றாவது வருவார் என்ற நம்பிக்கையில், அவர் பொருளை அவருக்காகப் பராமரிக்கச் சொல்லும் விதி இது. எத்தனையோ சட்ட நூல்களில் இதைவிட நுட்பமான விதிகள் இருக்கலாம். இதைவிடப் பரிவான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மிஷ்னாவின் இன்னொரு பகுதி, தன் புத்தகத்தை வேறொருவர் கையில் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அவர் வீட்டில் திருட்டு நடந்த செய்தி ஏற்கெனவே ஊரில் பரவியிருந்தால், இப்போது வைத்திருப்பவர் தான் கொடுத்த விலையைச் சத்தியம் செய்து சொல்லி, அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். அப்படிச் செய்தி எதுவும் இல்லையென்றால் அவர் பேச்சு எடுபடாது, தானே விற்றிருக்கவும் கூடுமல்லவா? இந்த ஏற்பாட்டில் வாங்கியவரின் காசுக்கும் பாதுகாப்பு உண்டு, இழந்தவரின் உரிமைக்கும் வழி உண்டு. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பிய நூலகங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி கிட்டத்தட்ட இதேதான்.

இந்தச் சட்டச் சூழலை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பழைய எபிரேய நூல்களின் முதல் தாளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாசகம் நன்றாக விளங்கும்: ‘ஒருவன் எப்போதும் தன் புத்தகத்தில் தன் பெயரை எழுதி வைக்க வேண்டும், சந்தையிலிருந்து எவனாவது வந்து இது என்னுடையது என்று சொல்லிவிடக் கூடாது. ஆகவே என் பெயரை எழுதினேன்.’ பிள்ளைகளின் கோணல் கையெழுத்திலும் இது உண்டு, ரபிகள் எனப்படும் பெரிய யூத மதகுருக்களின் கையெழுத்திலும் உண்டு. ‘என் காசில் வாங்கியது’ என்று சுருக்கமாக முடித்துக்கொண்டவர்கள் உண்டு. ‘என்னைப் படைத்தவரின் மகிமைக்காக வாங்கினேன்’ என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, 24ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எழுதிவிட்டுத் தொடங்கும் வழக்கம். ‘பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது’ என்று மேலே எழுதி, அதற்குக் கீழே ‘இந்தப் புத்தகம் இன்னாருடையது’ என்பார்கள். உலகத்தில் எதுவுமே தனக்குச் சொந்தமில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தன் பெயரை எழுதக் கை போகிறது.

இந்தக் குறிப்புகளைப் படிப்பது ஒரு தனிக் கலை. அச்சிட்ட நூல் ஒன்றின் முகப்புத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பல பதிப்புகளில் முகப்பு ஒரு வாசலைப் போல, இரு பக்கமும் தூண்களோடு அலங்கரிக்கப்பட்டிருக்கும். தூண்களுக்கு வெளியே எஞ்சியிருக்கும் வெள்ளை ஓரத்தில் ஒரு பெயர். அதன்மேல் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் வேறு மையில் இரண்டாவது பெயர். கீழே மூன்றாவது கை, ‘இது என் பங்குக்கு வந்தது’ என்று எழுதியிருக்கும். அண்ணன் தம்பிகள் அப்பாவின் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டபோது எழுதியது அது.

பெயர் கிடைத்தாலும் ஆளைப் பிடிப்பது கடினம். மத்திய ஐரோப்பிய யூதர்களில் பலருக்கு நிலையான குடும்பப் பெயரே கிடையாது. ‘யாக்கோபின் மகன் மோசே’ என்பதோடு சரி. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் ஆணையிட்டார், பிரான்சில் நெப்போலியன் 1808இல் ஆணையிட்டார், பிரஷ்யாவில் 1812இல் சட்டம் வந்தது. குடும்பப் பெயர்கள் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். ஒரே நகரத்தில் ஒரே தலைமுறையில் ‘யாக்கோபின் மகன் மோசே’ பத்துப் பேர் இருந்திருக்கலாம்.

ஆனால் சின்னச் சின்னத் துப்புகள் உண்டு. அப்பாவின் பெயருக்குப் பின்னால் ‘அவர் நினைவு ஆசீர்வாதமாக இருக்கட்டும்’ என்பதன் சுருக்கெழுத்து இருந்தால், எழுதிய அன்று அப்பா உயிரோடு இல்லை. ‘கடவுள் அவரைக் காப்பாராக’ என்பதன் சுருக்கெழுத்து இருந்தால் இருந்தார். அந்த ஊரின் கல்லறைக் கற்களில் அப்பாவின் இறந்த நாள் கிடைத்துவிட்டால், புத்தகம் எப்போது கைமாறியது என்பது சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். ‘கட்ஸ்’ என்று முடிந்தால் பழைய எருசலேம் ஆலயத்தின் ஆசாரியர் வழி, ‘செகல்’ என்று முடிந்தால் அவர்களுக்குத் துணையாக ஆலயப் பணி செய்த லேவியர் வழி. யூத நாட்காட்டியின் ஆண்டைப் பெரும்பாலும் ஆயிரத்தை விட்டுவிட்டு, எண்களாகவும் பயன்படும் எபிரேய எழுத்துகளாலேயே எழுதுவார்கள். கிடைக்கும் எண்ணோடு 1240ஐக் கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு வந்துவிடும். சிலர் வேதாகம வசனம் ஒன்றை எழுதி, அதில் சில எழுத்துகளுக்கு மேல் மட்டும் புள்ளி வைப்பார்கள். அந்த எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் வருவதுதான் ஆண்டு.

தனி மனிதர் பெயரோடு நில்லாமல், ஊருக்கே சொந்தம் என்று எழுதப்பட்ட நூல்களின் குரல் வேறு மாதிரி இருக்கும். 930 வாக்கில் திபேரியாவில் எழுதப்பட்ட அலெப்போ சுவடி, எழுதப்பட்ட வேதத்தை மட்டும் ஏற்கும் கராயர் என்ற யூதப் பிரிவினரின் எருசலேம் சமூகத்துக்குக் காணிக்கையாக்கப்பட்டது. விற்கப்படவும் மீட்கப்படவும் கூடாது என்று லேவியராகம நூலின் சொற்களிலேயே அதில் எழுதிவைத்தார்கள். காப்பவனுக்கு ஆசி, திருடுபவனுக்கும் விற்பவனுக்கும் அடகு வைப்பவனுக்கும் சாபம். நம் கோயில் கல்வெட்டுகளின் கடைசி வரிகளைப் படித்தவர்களுக்கு இந்தக் குரல் அந்நியமாகத் தோன்றாது. சாபத்தையும் மீறி அது கொள்ளைபோனது. 1099இல் சிலுவைப் போர்வீரர்கள் எருசலேமைப் பிடித்த பிறகு பணம் கொடுத்து மீட்கப்பட்டு எகிப்துக்குப் போனது, பிறகு அலெப்போவுக்கு. 1947இல் அங்கே நடந்த கலவரத்தில் ஆலயம் கொளுத்தப்பட்டது. 1958இல் எருசலேமுக்கு வந்துசேர்ந்தபோது ஐந்தில் இரண்டு பங்குத் தாள்கள் இல்லை.

வீட்டில் இருந்த நூல்களோ குடும்பத்தின் பதிவேடாகவே மாறிவிட்டன. வெற்றுத் தாளில் பிள்ளைகள் பிறந்த நாள், நேரம், வாரத்தின் வேத வாசிப்புப் பகுதி எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு பெயருக்குப் பக்கத்தில் சில வரி தள்ளி அதே பிள்ளை இறந்த நாளும் இருக்கும். கல்யாணத்துக்குப் பெண்ணுக்குக் கொடுத்த ஜெபப் புத்தகங்களில் பெண்களின் பெயர்கள் கிடைக்கின்றன. மற்ற ஆவணங்களில் ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் வரும் பெண் இங்கே தன் பெயரோடு நிற்கிறாள். ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்தில் வழங்கிய, 1272ஆம் ஆண்டு தேதியிட்ட திருநாள் ஜெபப் புத்தகம் ஒன்றில் பெரிய எழுத்துகளின் இடைவெளிக்குள் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. இந்தப் புத்தகத்தை ஆலயத்துக்குச் சுமந்து செல்பவருக்கு நல்ல நாள் அமையட்டும் என்கிறது அது. ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில், தேதி தெரிந்த மிகப் பழைய வாக்கியமும் அதுதான். அவ்வளவு கனமான புத்தகம் வீட்டில் இருந்து, திருநாளுக்குத் திருநாள் ஆலயத்துக்குச் சுமந்து செல்லப்பட்டிருக்கிறது என்பதையும் அந்த ஒரு வரியால் தெரிந்துகொள்கிறோம்.

உரிமையாளர் விரும்பாமலே அவர் புத்தகத்தில் ஏறிய கையெழுத்துகளும் உண்டு. 1553 செப்டம்பர் 9 அன்று ரோம் நகரின் காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில், மிஷ்னாவும் அதன் விளக்கங்களும் அடங்கிய தல்மூத் நூலின் பிரதிகள் கொளுத்தப்பட்டன. அதற்குப் பிறகு இத்தாலிய யூதர்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைத் தணிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. திருச்சபைக்கு எதிரானது என்று கருதிய வரிகளை அவர் மை பூசி அழித்து, கடைசிப் பக்கத்தில் ஆண்டு போட்டுக் கையெழுத்திடுவார். அதற்கான கூலியும் யூதர்கள் தலையில்தான். தணிக்கையாளர்களில் சிலர் யூதராகப் பிறந்து மதம் மாறியவர்கள். அவர்களில் பெயர்பெற்றவர் தொமெனிக்கோ ஜெரோசொலிமித்தானோ. 1595இல் மாந்துவா நகரில் தணிக்கைக்காகக் குடும்பம் குடும்பமாகக் கொடுத்த பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. சுமார் 430 பட்டியல்கள், 21,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள். ஒடுக்குவதற்காக எடுத்த கணக்கு, ஒரு நகரத்து யூத வீடுகளில் என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்பதற்கு நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆதாரமாகிவிட்டது. பஸ்கா பண்டிகை இரவில் வாசிக்கும் நூலான ஹகதாவின் புகழ்பெற்ற பிரதி, சரயேவோ ஹகதாவிலும் 1510இல் கைமாறிய குறிப்பு ஒன்று உண்டு, 1609இல் விஸ்டோரினி என்ற தணிக்கையாளரின் கையெழுத்தும் உண்டு. ஸ்பெயினில் உருவான நூல் இத்தாலிக்கு வந்ததற்கான தடயம் அதுதான்.

19ஆம் நூற்றாண்டில் ரப்பர் முத்திரையும் அச்சிட்ட நூலகச் சீட்டும் பரவலாகின்றன. எஃப்ரேம் மோசே லிலியன் போன்ற ஓவியர்கள் யூத வாசகர்களுக்காகவே அழகழகான சீட்டுகளை வரைந்தார்கள். தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபருக்கும் அவர் வரைந்து கொடுத்திருக்கிறார். ஆனால் பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால், நிறுவனங்களின் சாதாரண நீல முத்திரைகள்தான் முக்கியமாகின. வில்னா (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) நகரத்து மத்தித்யாஹு ஸ்ட்ராஷுன் 1885இல் இறந்தபோது தன் நூல்களை ஊர்ச் சமூகத்துக்கு எழுதிவைத்தார். அது பொது நூலகமாகி, பெரிய ஜெப ஆலயத்துக்குப் பக்கத்தில் சொந்தக் கட்டடம் கண்டது. ரபிகளும் மதநம்பிக்கையற்ற இளைஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்த இடம். லீசர் ரோசந்தால் என்பவர் ஹனோவரில் சேர்த்த நூல்களை அவர் பிள்ளைகள் 1880இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குக் கொடுத்தார்கள். இப்படி ஐரோப்பா முழுக்க எத்தனையோ ஊர்களில் யூதப் பள்ளிகள், வாசகசாலைகள், தொழிற்சங்க நூலகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் புத்தகங்களில் முத்திரை குத்தியது.

அந்த முத்திரைகள் எதற்காகக் குத்தப்பட்டனவோ அந்தச் சோதனை 1940க்குப் பிறகு வந்தது. நாஜிகள் யூதப் புத்தகங்களைக் கொளுத்தியதைப் பலரும் அறிவார்கள். சேகரித்ததும் அவர்கள்தான். ரோசன்பெர்க் படைப்பிரிவு என்ற அமைப்பு, ஆக்கிரமித்த நாடுகளிலெல்லாம் யூத நூலகங்களைச் சுரண்டி, ஃபிராங்க்ஃபர்ட்டில் 1941இல் தொடங்கிய ‘யூதப் பிரச்சினை ஆய்வு நிறுவனத்துக்கு’ அனுப்பியது. வில்னாவில் இந்த வேலைக்குச் சிறைப்பட்ட யூத அறிஞர்களையே பயன்படுத்தினார்கள். ஹெர்மன் க்ரூக், ஜெலிக் கால்மனோவிச், கவிஞர்கள் அவ்ரோம் சுட்ஸ்கெவர், ஷ்மெர்க்கே கச்செர்கின்ஸ்கி ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். சுமார் 30 சதவீதம் ஜெர்மனிக்கு, மீதி காகித ஆலைக்கு என்பது உத்தரவு. எது தப்பும், எது கூழாகும் என்று அவர்கள் கையாலேயே பிரிக்க வேண்டும். கோட்டுக்குள்ளும் சட்டைக்குள்ளும் மறைத்து, பிடிபட்டால் உயிர்போகும் என்று தெரிந்தே, சுவடிகளையும் கடிதங்களையும், யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ பகுதிக்குள் கடத்தினார்கள். க்ரூக்கும் கால்மனோவிச்சும் முகாம்களில் இறந்தார்கள். கவிஞர்கள் இருவரும் பிழைத்து, போர் முடிவதற்கு முன்பே வில்னாவுக்குத் திரும்பிவந்து, புதைத்ததைத் தோண்டி எடுத்தார்கள்.

போர் முடிந்தபோது ஜெர்மனியின் சுரங்கங்களிலும் கோட்டைகளிலும் கிடங்குகளிலும் மலைமலையாகப் புத்தகங்கள் கிடந்தன. அமெரிக்க ராணுவம் அவற்றை ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஆஃபன்பாக் நகரில், மைன் ஆற்றங்கரையில் இருந்த ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் பெரிய கட்டடம் ஒன்றில் குவித்தது. 1946 மார்ச்சில் முறையாகத் தொடங்கிய அந்தக் கிடங்கின் முதல் இயக்குநர் சீமோர் பாம்ரென்ஸ், ஆவணக் காப்பகத் துறையைச் சேர்ந்தவர். சில வாரங்களில் பொறுப்பு ஐசக் பென்கோவிட்ஸ் கைக்கு வந்தது. அவர் படித்தது வேதியியல்.

பென்கோவிட்ஸ் முன்னால் இருந்த சிக்கல் இதுதான். லட்சக்கணக்கான புத்தகங்கள், எபிரேயத்திலும் இத்திஷிலும் இன்னும் பல மொழிகளிலும். பிரிக்க வேண்டிய ஊழியர்களோ உள்ளூர் ஜெர்மானியர்கள், எபிரேய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்கள். அவர் செய்தது இது: ஒவ்வொரு நூலக முத்திரையையும் சீட்டையும் புகைப்படம் எடுக்கச் சொன்னார். படங்களை நாடுவாரியாக அடுக்கி, ஒவ்வோர் ஊழியருக்கும் சில முத்திரைகளை மட்டும் ஒதுக்கினார். வாசிக்க வேண்டாம், அந்த வடிவத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். புத்தகங்கள் கைக்குக் கை நகரும்போது, தன் முத்திரையைக் கண்டவர் அதை எடுத்துத் தன் பெட்டியில் போடுவார். இப்படி ஒரு பெட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் ஊரின் நூலகம் மறுபடி ஒன்றுசேரும். சிதறிய ஆடுகள் ஒரே பட்டியில் வந்து அடைந்ததைப் போல என்று தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார் பென்கோவிட்ஸ். அந்த ஊரில் இப்போது யாருமில்லை என்ற எண்ணமும் கூடவே வந்து அவரை வாட்டியிருக்கிறது.

1949இல் கிடங்கை மூடும்வரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களும் ஆவணங்களும் அங்கிருந்து போய்ச் சேர வேண்டிய இடங்களுக்குப் போயின. ஆம்ஸ்டர்டாமின் ரோசந்தால் நூலகமும் 1616இல் தோன்றிய எட்ஸ் ஹயிம் நூலகமும் 1946இலேயே வீடு திரும்பின. இத்திஷ் மொழியையும் பண்பாட்டையும் ஆராய்ந்த வில்னாவின் யிவோ நிறுவனம் போர்க்காலத்தில் தலைமையகத்தை நியூயார்க்குக்கு மாற்றியிருந்தது. அதன் நூல்களும், கூடவே ஸ்ட்ராஷுன் நூலகத்தில் எஞ்சியவையும் 1947இல் நியூயார்க் சென்றன. லிதுவேனியாவை சோவியத் ஒன்றியம் இணைத்துக்கொண்டதை அமெரிக்கா ஏற்கவில்லை என்பதால் அவற்றை வில்னாவுக்கு அனுப்பவில்லை. பென்கோவிட்ஸ் எடுக்கச் சொன்ன முத்திரைப் படங்கள் தொகுதிகளாக இன்றும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல யூத நூலகங்களுக்கு அந்தப் படம் ஒன்றே எஞ்சிய நினைவு.

முத்திரை இருந்தும் வாங்கிக்கொள்ள ஆளில்லாத புத்தகங்கள், தனிப்பட்டவர் பெயர் மட்டும் இருந்து அந்த ஆளோ வாரிசோ கிடைக்காத புத்தகங்கள் என்று ஏறத்தாழ ஐந்து லட்சம் மிஞ்சின. அவற்றைப் பங்கிட யூதப் பண்பாட்டு மறுசீரமைப்பு என்ற அமைப்பு உருவானது. வரலாற்றாசிரியர் சாலோ பாரன் தலைவர், அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் செயலாளர். தோராயமாக 40 சதவீதம் இஸ்ரேலுக்கு, 40 சதவீதம் அமெரிக்காவுக்கு, மீதி மற்ற நாடுகளுக்கு. ஐரோப்பாவில் உயிர் பிழைத்துச் சின்னஞ்சிறு சமூகங்களாக மீண்டும் எழ முயன்றவர்களில் சிலருக்கு இதில் ஆதங்கம் இருந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பத்துப் பேர் மிஞ்சிய ஊரில் பத்தாயிரம் நூல்களை யார் படிப்பார்கள் என்ற கேள்விக்கு, அவை அவர்களுடையவை என்பதே போதுமான பதில் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த அமைப்பு ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. கொடுத்த ஒவ்வொரு புத்தகத்திலும் அமைப்பின் சீட்டை ஒட்ட வேண்டும் என்று பெறும் நூலகங்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு காலத்தில் இவற்றைப் போற்றி வைத்திருந்தவர்களை வருங்கால வாசகர்கள் நினைக்க வேண்டும், இந்த அடையாளம் இல்லாவிட்டால் பின்னாளில் ஆராய்ச்சியாளர்களாலும் தடம் பிடிக்க முடியாது என்று ஆரென்ட் எழுதினார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. 1998இல் 44 நாடுகள் வாஷிங்டனில் கூடி நாஜிக் கொள்ளைப் பொருள்கள் பற்றிய கொள்கைகளை ஏற்ற பிறகு, ஜெர்மன் நூலகங்கள் தங்கள் அலமாரிகளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கின. பெர்லின் நகர நூலகம் 1943இல் நகர அடகு நிறுவனத்திடமிருந்து 40,000க்கும் மேற்பட்ட புத்தகங்களை வாங்கியிருந்தது. நாடுகடத்தப்பட்ட யூதர்களின் வீடுகளிலிருந்து அள்ளியவை. அவற்றில் ஒரு பகுதிக்கு ‘ஜே’ என்ற எழுத்தோடு தனிப் பதிவேடே இருந்தது. மீதி மற்ற புத்தகங்களோடு கலந்து, பல பத்தாண்டுகள் வாசகர் கைக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

அங்கே கிடைத்த ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தில் 1937 ஹனுக்காப் பண்டிகைக்கு ஒரு பையனுக்கு அன்பளிப்பு என்று எழுதியிருந்தது, பையனின் முழுப் பெயரோடு. அந்தப் பையன் பாட்டியோடு நாடுகடத்தப்பட்டு, முகாம்களில் பிழைத்து, அமெரிக்காவில் கிழவராகியிருந்தார். 70 ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகம் அவர் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. பழைய புத்தகக் கடையில் சில யூரோ கூடப் பெறாத பிரதிதான். அதற்காக நூலகர்கள் முகவரிப் பதிவேடுகளையும் நாடுகடத்தல் பட்டியல்களையும் மாதக்கணக்கில் துழாவ வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். துழாவ வேண்டும். அந்தக் குடும்பத்தின் வீட்டிலிருந்து எஞ்சிய ஒரே பொருளாக அது இருக்கக்கூடும் என்பதால் துழாவ வேண்டும்.

இன்று இந்த வேலை பல இடங்களில் ஒருங்கிணைந்து நடக்கிறது. ஜெர்மனியில் சில நூலகங்கள் கையெழுத்து, முத்திரை, சீட்டுகளின் படங்களை ஒரே தரவுத்தளத்தில் போடுகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ‘ஃபுட்பிரின்ட்ஸ்’ திட்டம், அச்சான யூத நூல்களின் தனித்தனிப் பிரதிகள் எந்த ஆண்டில், எந்த ஊரில், யாரிடம் இருந்தன என்பதை ஒவ்வொரு தடயமாகச் சேர்த்துக்கொண்டு வருகிறது. இதற்கு எதிராக வேலை செய்வது விற்பனைச் சந்தையின் பழைய பழக்கம்தான். பெயர் எழுதிய தாளைக் கிழிப்பது, முத்திரையைச் சுரண்டுவது, ‘சுத்தமான பிரதி’ என்று கூடுதல் விலை சொல்வது. பழுதுபார்க்கும்போது பழைய அட்டையின் உட்புறத் தாளைத் தூக்கிப் போடுவதும் அதே அளவு கேடு. புற ஊதா ஒளியில் பார்த்தால் சுரண்டிய மை சில நேரம் தெரியும். கிழித்த தாள் போனது போனதுதான்.

இன்னும் கிடைக்காதது ரோம் யூதச் சமூகத்தின் நூலகம். சுமார் 7,000 தொகுதிகள், 16ஆம் நூற்றாண்டு அச்சுப் பிரதிகளும் அபூர்வமான சுவடிகளும் அடங்கியது. 1943 அக்டோபர் 14 அன்று முதல் பகுதியையும் டிசம்பரில் மீதியையும் ரயில் பெட்டிகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். முதல் பெட்டிகள் போன இரண்டாம் நாள் ரோம் யூதர்களையே வளைத்துப் பிடித்தார்கள். முழுமையான பட்டியலும் அந்த நூலகத்துக்கு இல்லை. இத்தாலிய அரசு 2002இல் அமைத்த குழு 2009வரை பல நாடுகளில் தேடியும் நூலகம் இருக்குமிடம் தெரியவில்லை. அதன் நூல்கள் கண்ணில் பட்டால் அடையாளம் காண இருக்கும் வழி சமூகத்தின் முத்திரையும், முன்பு வைத்திருந்த ரோம் குடும்பங்களின் கையெழுத்துகளும்தான். பழைய எபிரேய நூல் எங்கே விற்பனைக்கு வந்தாலும், விலையைக் கேட்பதற்கு முன் முதல் தாளையும் கடைசித் தாளையும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நூலகர்களும் வணிகர்களும் வற்புறுத்தப்படுவது இதனால்தான்.